விட்டுப்போன பிள்ளைகளின் பெயர்கள் வேண்டும்: மதுரை மாவட்டப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்து அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பாதிக்கு மேல் தாய்மார்கள். சத்துணவில் முட்டை சரியாகப் போடுகிறார்களா, கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, ஐந்தாம் வகுப்புக்கு ஆசிரியர் வந்துவிட்டாரா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கேட்டும் வருகிறீர்கள். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். நம் ஊர்ப் பிள்ளைகளில், தட்டம்மையையும் ரூபெல்லாவையும் தடுக்கும் எம்.ஆர். ஊசியை இரண்டு தவணையும் முழுதாகப் போட்டு முடிக்காதவர்கள் யார் யார்?

'எத்தனை விழுக்காடு' என்று நான் கேட்கவில்லை. 'யார் யார்' என்றுதான் கேட்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வேக்சின் கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு போன காலத்தில் தாய்மார்கள் என்னிடம் கேட்ட கேள்விகளிலேயே நியாயமானது 2017-ல் கேட்டதுதான். அந்த ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி தமிழ்நாடு முழுவதும் எம்.ஆர். தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளை வரை சுமார் ஒன்றே முக்கால் கோடிப் பேருக்குப் போட வேண்டும் என்பது திட்டம். ஏற்கெனவே தட்டம்மை ஊசி போட்டிருந்தாலும் மறுபடி போட வேண்டும் என்றார்கள். "என் பிள்ளைக்குத்தான் கைக்குழந்தையிலேயே போட்டாச்சே, பிறகு எதுக்கு?" என்று கேட்டார்கள் தாய்மார்கள். பள்ளிக்கூட வாசலில், வரிசையில் நூறு பிள்ளைகள் நிற்கும்போது, அதற்கு முழுப் பதில் சொல்ல யாருக்கும் அவகாசம் இல்லை. அந்த இடைவெளியில்தான் வாட்ஸ்அப் புகுந்தது. ஊசி போட்டால் பின்னால் பிள்ளைப்பேறு இருக்காது, இது வெளிநாட்டுச் சோதனை என்று பரவிய செய்திகளால் பல பெற்றோர் அந்த வாரங்களில் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சிலும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்த மருந்து புனேயில் தயாரானது. உலகில் பல நாட்டுக் குழந்தைகளுக்கும் அங்கிருந்துதான் போகிறது.

அந்தத் தாய்மார்களின் கேள்விக்கு உரிய பதிலை இப்போது எழுதுகிறேன். நான் ஏன் பெயர்களைக் கேட்கிறேன் என்பதும் அதிலேயே இருக்கிறது.

முதலில் தட்டம்மை. நம் பக்கத்தில் மணல்வாரி என்றும் சொல்வோம். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில் இதை மிஞ்சும் நோய்கள் மிகக் குறைவு. நோய் கண்ட பிள்ளை ஒரு அறையில் இருமிவிட்டு வெளியே போனாலும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் மட்டும் வாழும் ஊர் ஒன்று இருந்தால், அங்கே ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றிக்கொள்வார்கள். 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 15 பேரில் 14 பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மேல் போக முடியாது. அதற்கும் மேல் காப்பு இருந்தால் படிப்படியாக அடங்கும். 15-க்கு 14 என்றால் 93 விழுக்காடு. 95 விழுக்காடு வேண்டும் என்று சுகாதாரத் துறை விடாமல் சொல்வது இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. யாரோ இஷ்டத்துக்குச் சொன்ன இலக்கு இல்லை.

ஆனால் ஊசி போட்ட எல்லோருக்கும் அது பிடிப்பதில்லை. ஒன்பது மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் உடம்பில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், அது ஊசியின் வேலையைத் தடுக்கும். அந்த வயதில் போட்டால் நூற்றுக்கு 85 பேருக்குத்தான் பிடிக்கும். 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி போடுவது விட்டுப்போன அந்த 15 பேருக்காக. யார் அந்த 15 என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதே! அதனால் எல்லோருக்கும் போடுகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்கு 100 குழந்தைகள் பிறக்கின்றன. 90 பேர் முதல் ஊசி போட்டுக்கொள்கிறார்கள், இரண்டாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 90 பேரில் 76, 77 பேருக்குத்தான் உண்மையான காப்பு. ஆண்டுக்கு 23 பிள்ளைகள் காப்பில்லாமல் மிஞ்சுகிறார்கள். முதல் ஆண்டு ஒன்றும் நடக்காது, இரண்டாம் ஆண்டும் நடக்காது. 'எங்கள் ஊரில் அம்மையே இல்லை' என்ற நிம்மதி வந்துவிடும். ஐந்து ஆண்டில் அந்த எண்ணிக்கை 115 ஆகிவிடும். ஓர் ஆண்டில் பிறந்த அத்தனை குழந்தைகளையும்விட அதிகம்! அதற்குப் பிறகு வெளியிலிருந்து ஒரு நோயாளி வந்தால் போதும்.

முகாம் நடந்து முடிந்தபின் சில ஆண்டுகள் நோய் காணாமல் போவதும், பிறகு திடீரென்று ஒரு பகுதியில் கிளம்புவதும் இதனால்தான். ஊசி பலிக்கவில்லை என்று அப்போது பேசுவார்கள். ஊசி போட்டவர்களிடம் பலித்துத்தான் இருக்கும், போடாதவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டார்கள் என்பதே விஷயம். 2022 இறுதியில் மும்பையில் கோவண்டிப் பகுதியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். கொரோனா காலத்தில் தவறிப்போன ஊசிகள் அங்கே ஒரே இடத்தில் குவிந்திருந்தன. மும்பை முழுவதற்குமான சராசரி அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றவில்லை.

இதனால்தான் மாவட்டச் சராசரியை வைத்து நிம்மதி அடையாதீர்கள் என்கிறேன். ஒரு மாவட்டம் 95-ஐத் தொட்டிருக்கும்போதே அதில் ஒரு காலனி 60-ல் கிடக்கலாம். விட்டுப்போனவர்கள் மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் நோய்க்கு அவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அண்ணன், தம்பி, சித்தப்பா பிள்ளை என்று ஒரே தெருவில், ஒரே வகுப்பில், ஒரே டியூஷன் அறையில் இருந்தால் அதற்கு ஒரு வாரம் போதும்.

பெரியம்மையை ஒழித்தோமே, அப்போது இத்தனை கணக்குப் பார்த்தோமா என்று கேட்கலாம். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம் பதிவானார். ஆளுக்கு ஆள் ஊசி போட்டதோடு, நோயாளியைத் தேடிப் பிடித்து அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ஊசி போட்டு வளைத்ததுதான் கடைசியில் அதை முடித்தது. கொப்புளத்தைப் பார்த்த பிறகு ஓடினாலும் பிடித்துவிடலாம், ஏனென்றால் பெரியம்மை அதற்கு முன்னால் பெரும்பாலும் தொற்றாது. தட்டம்மை அப்படி இல்லை. தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே, சாதாரணச் சளிக் காய்ச்சல் போலத் தெரியும்போதே, பரவத் தொடங்கிவிடும்.

நம் வழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதும், வெளியார் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வெளியே அனுப்பாததும் மூட வழக்கம் என்று சிலர் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொற்று நோயாளியைத் தனியே வைக்க வேண்டும் என்று நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள், அதைச் சாமி பேரால் கட்டாயமாக்கினார்கள். ஆனால் தட்டம்மையில் வேப்பிலை வாசலுக்கு வரும்போது அந்தப் பிள்ளை நான்கு நாள் வகுப்பில் உட்கார்ந்து எழுந்திருக்கும். வண்டியூர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், தீச்சட்டி எடுங்கள். அந்த நான்கு நாளுக்கு ஊசி மட்டும்தான் துணை.

அம்மை கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதை மட்டும் விட்டுவிட வேண்டுகிறேன். வைட்டமின் ஏ மருந்தை இரண்டு நாள் கொடுத்தால் கண்ணையும் உயிரையும் காக்க உதவும். நிமோனியா இருபதில் ஒரு பிள்ளைக்கு வருகிறது, மூளைக் காய்ச்சல் ஆயிரத்தில் ஒருவருக்கு. நோய் ஆறிப்போன பிறகும் ஒரு கெடுதல் இருக்கிறது. முன்பு மற்ற நோய்களுக்கு எதிராக உடம்பு சேர்த்துவைத்த எதிர்ப்புச் சக்தியைத் தட்டம்மை அழித்துவிடுகிறது. 2019-ல் வெளியான ஆய்வில் பிள்ளைக்குப் பிள்ளை 11 முதல் 73 விழுக்காடு வரை அந்த இழப்பு இருந்தது. அம்மை போய் ஆறு மாதமாகியும் பிள்ளை சீக்காளியாகவே இருக்கிறான் என்று நீங்கள் சொல்வதுண்டே, அதற்கு இது ஒரு காரணம்.

இனி ரூபெல்லா. 2017-ல் கேட்ட கேள்வியின் பதில் இங்கேதான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ரூபெல்லா வந்தால் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. லேசான காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல், இரண்டு மூன்று நாள் தடிப்பு, அவ்வளவுதான். ஆனால் கருவுற்ற பெண்ணுக்கு முதல் மூன்று மாதத்தில் வந்தால், பத்தில் ஒன்பது பேர் வரை வயிற்றுப் பிள்ளை பாதிக்கப்படலாம். பிறவிக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு. சில சமயம் மூன்றும் சேர்ந்து வரும். இதை உலகத்துக்கு முதலில் சொன்னவர் ஒரு கண் மருத்துவர், ஆஸ்திரேலியாவின் நார்மன் கிரெக். 1941-ல் பிறவிக் கண்புரையோடு வந்த 78 குழந்தைகளைப் பார்த்து, ஏன் திடீரென்று இத்தனை பேர் என்று யோசித்து, தாய்மார்களைக் கேட்டார். கர்ப்பத்தின் தொடக்கத்தில் தடிப்புக் காய்ச்சல் வந்தது என்று பெரும்பாலோர் சொன்னார்கள். அதே தேடல் நம் மதுரையிலும் நடந்தது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கண்புரையோடு பிறந்த கைக்குழந்தைகளைச் சோதித்து அதில் ரூபெல்லாவின் பங்கை ஆராய்ந்து எழுதினார்கள். நம் ஊர் மருத்துவர்கள் கண்ணெதிரே கண்ட நோய் இது.

இந்த நோய்க்கு ஊசியை அரைகுறையாகப் போட்டால், போடாமலே இருந்ததைவிடக் கெடுதல் வரலாம். கேட்பதற்கு விபரீதமாக இருக்கும், காரணத்தைக் கேளுங்கள். ஊசியே இல்லாத காலத்தில் ரூபெல்லா பிள்ளைகளிடையே ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பெரும்பாலான பெண் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே வந்து போய்விடும், அதன்பிறகு ஆயுளுக்கும் வராது. இப்போது பாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஊசி போடுகிறோம் என்று வையுங்கள். கிருமியின் சுற்று வேகம் குறையும். ஊசி போடாத பெண் பிள்ளைக்கு ஐந்து வயதில் வர வேண்டியது வராது. நோயும் வராமல் ஊசியும் போடாமல் அவள் வளர்ந்து, கல்யாணமாகி, கருவுற்று இருக்கும்போது அது வந்து சேரும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. கிரீஸ் நாட்டில் நடந்தது. 1970-களின் நடுவிலிருந்து அங்கே ஊசி இருந்தது, ஆனால் எல்லோரையும் எட்ட வேண்டும் என்ற முனைப்பு இல்லை. 1980-கள் முழுவதும் பாதிப் பிள்ளைகளுக்குக்கூடப் போடவில்லை. 1993-ல் பரவிய ரூபெல்லா இளம் பெண்களையும் பிடித்தது. அந்த நாட்டில் பிறவி ரூபெல்லா பாதிப்போடு பதிவான குழந்தைகளின் எண்ணிக்கை அதற்கு முன் அப்படி உயர்ந்ததில்லை.

அதனால்தான் ரூபெல்லா ஊசியைத் தொடங்கும் எந்த நாடும் கைக்குழந்தைகளோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது, பெரிய பிள்ளைகளையும் சேர்த்து ஒரே வீச்சில் போட்டு, பிறகு வழக்கமான தவணையை உயரத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. 2017-ல் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லோரையும் வரிசையில் நிறுத்தியதன் காரணம் இதுதான் தாயே. உன் பிள்ளை கைக்குழந்தையில் போட்டது தட்டம்மை ஊசி மட்டும். அதில் ரூபெல்லா இல்லை. யார் போட்டார், யார் விட்டார் என்று வீடு வீடாக அலசிக்கொண்டிருந்தால் கிருமி முந்திவிடும்.

அந்த முகாமின் எல்லை 15 வயது. அன்று 16, 17, 18 வயதில் இருந்த பெண்களுக்கு ஊசி இல்லை. இன்று அவர்கள் இருபதுகளின் நடுவில் இருக்கிறார்கள், உங்கள் தெருவில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களாக. அவர்களில் பலருக்குச் சிறு வயதிலேயே ரூபெல்லா வந்து போயிருக்கும், எல்லோருக்கும் வந்திருக்காது. கர்ப்பமாக இருக்கும்போது இந்த ஊசியைப் போடக் கூடாது. போட்டுக்கொண்ட பெண்ணும் ஒரு மாதம் கழித்தே கருவுற வேண்டும். ஆகவே வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்ணைக் காப்பது அவளைச் சுற்றி ஓடித் திரியும் அங்கன்வாடிக் குழந்தைகளின் கையில் போட்ட ஊசிதான். பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஊசி போட்டார்களா இல்லையா என்பது அவளுடைய பிள்ளையின் கண்ணைப் பற்றிய கேள்வி. 'என் பிள்ளை, என் விருப்பம்' என்று சொல்பவர்களிடம் நான் கோபப்பட்டதில்லை. ஆனால் இதைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்பேன்.

பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அந்தச் செய்தி ஒவ்வொரு தாயின் நெஞ்சிலும் விழுந்தது. அதை மறைத்துவிட்டு ஊசியைப் பற்றிப் பேசுவது தவறு. அதன்பின் ஊர் ஊராகப் போய்ப் போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவழைத்துப் போட்டோம். பயம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, கேள்வி கேளுங்கள். எம்.ஆர். மருந்து பொடியாக வரும், அதற்குரிய நீரை ஊற்றிக் கலக்க வேண்டும். கலக்கியதை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, வைத்தால் அதில் வேறு கிருமி வளர்ந்து பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம். கலக்கிய நேரத்தைப் புட்டியில் எழுதியிருக்க வேண்டும். "எத்தனை மணிக்குக் கலக்கினீங்க சிஸ்டர்?" என்று கேட்டால் நல்ல செவிலியர் யாரும் முகம் சுளிக்க மாட்டார். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஒரு வாரம் பத்து நாள் கழித்துச் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோ லேசான தடிப்போ வரலாம், அது அடங்கிவிடும்.

ஆனால் என் அனுபவத்தில் பயத்தால் விட்டவர்களைவிட வேலையால் விட்டவர்களே அதிகம். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள், முறுக்குத் தொழிலுக்கு வெளி மாநிலம் போய்ப் பொங்கலுக்கும் சித்திரைக்கும் மட்டும் வருகிறவர்கள், இங்கே கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத்தவர். முதல் ஊசி ஓர் ஊரில், இரண்டாவது எங்கும் இல்லை. ஊசி அட்டை தொலைந்திருக்கும். ஊசி நாளான புதன்கிழமை நூறு நாள் வேலையை விட்டால் அன்றைய கூலி போய்விடும். மாமியார் வேலைக்குப் போனால் மருமகள் கைக்குழந்தையோடு தனியாகப் பஸ் ஏற வேண்டும். அறியாமை என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட்டால் இவர்கள் யாரும் நம் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள்.

உங்களுக்குத் தெரியும். அதனால்தான் அதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்தச் சூளையில் புதிதாக ஆள் இறங்கியிருக்கிறது என்பது செவிலியருக்குத் தெரிவதற்கு முன் உங்களுக்குத் தெரியும்.

முதலில் அங்கன்வாடிக்குப் போங்கள். விட்டுப்போன எம்.ஆர். ஊசியை அரசு வழக்கமான முகாம்களில் ஐந்து வயது வரை இலவசமாகப் போடுகிறது. ஒன்றாம் வகுப்பில் சேரும்போது பார்ப்போம் என்றால் பல பிள்ளைகளுக்கு அந்த வயது தாண்டியிருக்கும். தாண்டிய பிள்ளை யாராவது இருந்தாலும் விட்டுவிடாதீர்கள், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் பெயரைக் கொடுத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அட்டை இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் பள்ளியில் சேர்க்க மறுக்கும்படி நான் சொல்லவில்லை, அது கூடவே கூடாது. சேர்த்துக்கொண்டு, பெயரைக் குறித்துக்கொண்டு, ஊசிக்கு வழி செய்யுங்கள். நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளரிடம் பேசி, புதன்கிழமை காலை குழந்தையோடு போய்வரும் தாய்க்குக் கூலி குறையாமல் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். தொலைவில் உள்ள காலனிக்கு ஒரு ஆட்டோவுக்குப் பணம் திரட்டுவது உங்களால் முடியாத காரியமில்லை.

வகுப்பில் யாருக்காவது காய்ச்சலோடு தடிப்பு என்று தெரிந்தால் அன்றே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். தட்டம்மை என்றால், நோயாளியோடு முதலில் சேர்ந்திருந்து 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு. கைக்குழந்தை உள்ள பக்கத்து வீட்டுக்கும், கர்ப்பிணி உள்ள வீட்டுக்கும் அந்தச் செய்தி உடனே போக வேண்டும்.

2026-க்குள் தட்டம்மையையும் ரூபெல்லாவையும் ஒழிப்பது என்று நாடு இலக்கு வைத்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் நிறைவேற்றத் தோதாக ஒரு தீர்மானத்தையும் எழுதி அனுப்புகிறேன். சொற்களை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"நம் பள்ளியிலும், பள்ளியைச் சேர்ந்த அங்கன்வாடிகளிலும், இந்தக் குடியிருப்புகளில் தங்கியுள்ள வெளியூர்க் குடும்பங்களிலும் எம்.ஆர். ஊசி ஒரு தவணையேனும் விட்டுப்போன பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கிராம சுகாதார செவிலியரோடும் அங்கன்வாடிப் பணியாளரோடும் சேர்ந்து இந்த மாதத்துக்குள் தயாரிப்பது என்றும், அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் குழு உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்பது என்றும், பட்டியலில் ஒரு பெயரும் மிஞ்சாத வரை ஒவ்வொரு கூட்டத்திலும் அதை வாசிப்பது என்றும் தீர்மானிக்கப்படுகிறது."

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
உசிலம்பட்டி வட்டாரம், மதுரை மாவட்டம்.